பச்சைப் பொடி ரெண்டு ஸ்பூன்

சின்னவள்: …இந்தப் பாத்திரம் கழுவற தொட்டியப் பாருக்கா. தேய்க்கத் தேய்க்கப் பச்சை போவேனாங்குது.

பெரியவள்: பாசியா இருக்கும். விடுடி.

சின்னவள்: பாசி என்ன, ஓட்டையச் சுத்தி மட்டும் பாத்துப் பாத்தா பிடிக்கும்?

பெரியவள்: நாளெல்லாம் கடையில நின்னுட்டு வந்திருக்க. கொஞ்சம் உக்காரேன். உன்னப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது.

சின்னவள்: உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். எண்ணெய் அலமாரி, சோப்பு அலமாரி ரெண்டையும் இன்னிக்கு நான் ஒருத்தியே அடுக்கினேன்.

பெரியவள்: அங்க அடுக்கிட்டு இங்க வந்து அக்கா வீட்டுத் தொட்டியத் தேய்க்கற. என்ன தலையெழுத்தோ.

சின்னவள்: நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனியே… என்ன சொன்னாங்க?

பெரியவள்: என்ன சொல்லுவாங்க. ரத்தம் எடுத்தாங்க. உக்காரச் சொன்னாங்க. உக்காந்திருந்தேன்.

சின்னவள்: லீவு போட்டுட்டு வர்றேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். தனியாப் போயிட்டு…

பெரியவள்: பஸ்ல உடனே எடம் கிடைச்சுது. தலையில கட்டியிருக்கற துணியப் பாத்தா இப்பல்லாம் எந்திரிச்சுடறாங்க. இந்த வியாதியில எனக்குக் கிடைச்ச ஒரே லாபம்.

சின்னவள்: அடுத்த ஊசி எப்பவாம்?

பெரியவள்: அது இருக்கட்டும். அந்தப் பச்சைப் பொடிய எடு. ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடு.

சின்னவள்: என்னது?

பெரியவள்: பொடிடி. காலையிலயும் கலக்கி வைக்காம ஓடிட்ட.

சின்னவள்: நீயா கேக்கற? இன்னிக்கு மழை கொட்டத்தான் போகுது.

பெரியவள்: கொட்டட்டும். எடு.

சின்னவள்: இப்ப வேணாம்க்கா. வெறும் வயித்துல குடிச்சா பெரட்டும்.

பெரியவள்: வெறும் வயித்துலதான் குடிக்கணும்னு போன வாரம் என்கிட்ட சண்டைக்கு வந்த?

சின்னவள்: அது… மாத்திட்டாங்க.

பெரியவள்: எதை, வயித்தையா? சரி, டப்பா எங்க? அலமாரியில காணோம்.

சின்னவள்: எறும்பு வந்துடுச்சு.

பெரியவள்: அந்தக் கசப்புக்கா? எறும்புக்கு என்ன கேடுகாலம்?

சின்னவள்: அதோட… தேதியும் முடிஞ்சு போச்சு.

பெரியவள்: பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். உன் பையில பச்சை மூடி எட்டிப் பாக்குது பாரு.

சின்னவள்: அதைத் தொடாதக்கா.

பெரியவள்: ரெண்டு மாசமா என்ன பாட்டுப் பாடின? இலை, பழத்தோல், விதை, அத்தனையும் செடியில வந்தது, ஒரு கெடுதலும் கிடையாது… ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்டு. உடம்பு துருப்பிடிக்காதுன்ன. நான் என்ன இரும்புக் கதவான்னு கேட்டதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட.

சின்னவள்: டப்பாவுல போட்டிருந்ததத்தான சொன்னேன். நானா கண்டுபிடிச்சேன்?

பெரியவள்: இப்ப குடின்னு நீ கெஞ்சல. குடுன்னு நான் கெஞ்சறேன். என்னதான் ஆச்சு உனக்கு?

சின்னவள்: கேக்காதக்கா.

பெரியவள்: அந்தப் பாத்திரத்தக் கீழ வை… வைடி. சொல்லு.

சின்னவள்: நேத்து சாயங்காலம் கடைக்கு ஒரு நர்சம்மா வந்தாங்க. இந்தப் பொடி அலமாரிகிட்ட நின்னு, கூட வந்தவங்ககிட்ட சொல்றாங்க… புத்துநோய்க்கு மருந்து ஏத்திக்கறவங்க டாக்டரைக் கேக்காம இதையெல்லாம் தொடவே கூடாதுன்னு.

பெரியவள்: ம்.

சின்னவள்: நான் போய்க் கேட்டேன், ஏம்மான்னு. ஏத்தற மருந்து கெட்டதை அழிக்கப் பாக்குமாம். இது நடுவுல பூந்து அதையும் காப்பாத்தி விட்டாலும் விட்டுடுமாம். இதுக்கு நல்லது எது, கெட்டது எதுன்னு பாக்கத் தெரியாதாம்.

பெரியவள்: அழாத.

சின்னவள்: ரெண்டு மாசம்க்கா. தினம் காலையில என் கையால கலக்கி மூடி வச்சுட்டு ஓடுவேன். சாயங்காலம் வந்து பாத்தா தம்ளர் காலியா இருக்கும். அதைக் கழுவறப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருக்கும் தெரியுமா… வேலியே பயிரை மேஞ்ச கதையாப் போச்சு. ராத்திரி பூரா கண்ணு மூடல.

பெரியவள்: இங்க வா. பக்கத்துல உக்காரு. நான் அதுல ஒரு சொட்டுகூட குடிக்கல.

சின்னவள்: என்னைத் தேத்தறதுக்குச் சொல்லாத.

பெரியவள்: நீ டப்பாவைக் கொண்டு வந்த வாரமே டாக்டரைக் கேட்டுட்டேன். மருந்து ஏத்தறவரைக்கும் வேணாம்மான்னுட்டாரு. நீ வாசப்படி தாண்டினதும் தொட்டியில ஊத்திடுவேன்.

சின்னவள்: …பாசி.

பெரியவள்: அதேதான்.

சின்னவள்: அடிப்பாவி. உடம்புல தெம்பு வந்திருக்குன்ன. நாக்குகூட பழகிடுச்சுன்ன.

பெரியவள்: நீ கேக்கறப்ப உன் மூஞ்சியப் பாத்தா வேற என்ன சொல்ல வரும்? வேலைக்கும் ஓடி, எனக்கும் ஓடி… அக்காவுக்கு எதையோ பண்ணோம்னு உனக்கு ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.

சின்னவள்: நான்ல உக்காந்து தேய்க்கறேன் அந்தத் தொட்டிய! தோள்பட்டை கழண்டு போச்சு.

பெரியவள்: தேய்ச்ச வரைக்கும் போதும். அது இனிமே துருப்பிடிக்காது.

சின்னவள்: சிரிக்க வைக்காத, அடிச்சுடுவேன்… அப்பாடா. நெஞ்சுல இருந்த கல்லு இறங்குச்சு. இரு, இந்தச் சனியன மொதல்ல குப்பையில போடறேன்.

பெரியவள்: போடாத.

சின்னவள்: ஏன்?

பெரியவள்: கலக்கிக் குடுன்னேன்ல. ரெண்டு ஸ்பூன். தண்ணி கொஞ்சம் வெதுவெதுன்னு… எப்பவும் நீ கலக்கற மாதிரி.

சின்னவள்: உனக்குப் பைத்தியமா? வேணாம்னு டாக்டர் சொன்னாருன்னு இப்பதான சொன்ன.

பெரியவள்: அது அப்ப. நேத்து மறுபடியும் கேட்டேன்.

சின்னவள்: என்னன்னு?

பெரியவள்: என் தங்கச்சி ஆசையா ஒரு பொடி கொண்டாந்து வச்சிருக்கா, இனிமே குடிக்கலாமான்னு.

சின்னவள்: …அவரு என்ன சொன்னாரு?

பெரியவள்: தாராளமா குடிங்கன்னாரு. ஊசி இனிமே கிடையாதாம்… பொடி மட்டும் இல்லடி, மனசுக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் சாப்பிடுங்கம்மான்னு சொல்லி அனுப்பிட்டாரு.