எட்டாம் அத்தியாயத்தில் ஒரு சொல்

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். ஜன்னலோரம் இருப்பதில் உட்காருங்கள். வார்டிலிருந்து நேராக வந்திருக்கிறீர்கள் என்று உங்கள் சீருடையே சொல்கிறது. தண்ணீர் வைத்திருக்கிறேன், குடித்துவிட்டுப் பேசலாம்.

என் கணவரைத் தேடித்தான் வந்திருக்கிறீர்கள். அவரைப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், திரும்ப நேரமாகும். "எம் பொண்ணப் படிக்க வெச்சே கொன்ன ஆளு எங்க?" என்று வாசலில் நின்று நீங்கள் கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது. உங்கள் கோபத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆள்தான் மாறிப்போய்விட்டது. அவர் செய்ததையும் சொல்கிறேன், நான் செய்ததையும் சொல்கிறேன். யாரிடமாவது ஒருமுறை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். அதற்கு உங்களைவிட உரியவர் யாரும் இல்லை.

நானும் கணிதம் படித்தவள்தான். அவருக்கு முன்பே முனைவர் பட்டம் வாங்கினேன். கல்யாணமானதும், ஒரே துறையில் கணவன் மனைவி இருவருக்கும் வேலை தர முடியாது என்றார்கள். யார் விட்டுக்கொடுப்பது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அவர் துறைக்குப் போனார், நான் அடுப்பங்கரைக்குப் போனேன்.

அவர் கெட்டிக்காரர். மேடையேறினால் கூட்டத்தைக் கட்டிப்போட்டுவிடுவார். ஆனால் ஒரு நிரூபணத்தை அடியிலிருந்து நுனிவரை உட்கார்ந்து எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. பாதி வழியில் விட்டுவிட்டு, "இத நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்று தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டுவிட்டுப் போவார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். ஓட்டையை அடைப்பேன், இடிந்து கிடப்பதைத் திரும்பக் கட்டுவேன். அப்படித்தான் அவருடைய முதல் இரண்டு புத்தகங்கள் வந்தன. இரண்டின் முன்னுரையிலும், "பொறுமையோடு தட்டச்சு செய்து தந்த என் மனைவிக்கு நன்றி" என்று இருக்கும். அந்த வரியைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

மூன்றாவதுதான் இந்தப் புத்தகம், உங்கள் மகள் கையில் வைத்திருந்தது. உயர்கணிதம் படிக்கும் மாணவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் என்று எழுதியது. அதில் எட்டாம் அத்தியாயம் தலை முதல் கால்வரை என்னுடையது. மாமியார் படுத்த படுக்கையாக இருந்த சமயம். அவருக்குத் துணியை மாற்றிப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தபோது, பலரும் அவிழ்க்கப் பார்த்துக் கைவிட்ட ஒரு முடிச்சு என் கைக்கு அவிழ்ந்தது. உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஒன்று கேட்டேன், அட்டையில் என் பெயரையும் போடச் சொல்லி. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு பேரு எதுக்கு? அட்டையில இடத்த அடைக்கும்."

நான் சண்டை போடவில்லை. பதிப்பகத்துக்காரர் கடைசித் திருத்தப் பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார், சாப்பிட உட்காரவைத்தோம். எட்டாம் அத்தியாயம் பிரமாதம், எப்படி சார் தோன்றியது என்று கேட்டார். என் கணவர், குளிக்கும்போது சட்டென்று தோன்றியது என்றார். அப்புறம் பரிமாறிக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "இவ இல்லன்னா இந்தப் புத்தகத்துல கமாவே இருந்திருக்காது" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று பதிப்பகத்துக்காரரிடம் கேட்டேன்.

மறுநாள் காலையில் என் கணவர் துறைக்குக் கிளம்பிப் போனதும், பதிப்பகத்துக்காரர் விட்டுப்போன அந்தப் பிரதியை விரித்து ஒரு சொல்லை எடுத்தேன்.

‘எல்லைக்குட்பட்ட’ என்ற சொல். அது இருந்தால் என் தேற்றம் உண்மை, இல்லாவிட்டால் பொய். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மருந்து பாட்டிலில் ‘குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது’ என்று ஒட்டியிருக்கிறது, அதை ஒருத்தி உரித்துப் போடுகிறாள். மருந்து அதே மருந்துதான், பாட்டிலும் அதே பாட்டில்தான். நிரூபணத்திலும் அந்தச் சொல் தேவைப்படுகிற வரியைத் தூக்கிவிட்டு, ‘இது தெளிவு’ என்று எழுதினேன். எங்கள் புத்தகங்களில் அப்படி இருந்தால் பெரிய பெரிய ஆட்கள் தலையை ஆட்டிக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். என் கணவரும் அதற்கடுத்த நாள் காரில் ஏறப்போகிற அவசரத்தில், ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

நான் நினைத்தது மிகச் சாதாரணமானது. மதிப்புரை எழுதுகிற யாராவது கண்டுபிடிப்பார்கள், நாலு பேர் முன்னால் அவர் முகம் கறுக்கும், விளக்கம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவ்வளவுதான். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆழம் என்றார்கள், தெளிவு என்றார்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நூலகங்கள் வாங்கி அடுக்கின. எனக்கு வயிறு எரிந்தது. என் உழைப்பு அவர் பெயரில் போனதுகூடப் போகட்டும். அதைப் புகழ்கிறவர்கள்கூட அதைப் படிக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இன்றுவரைக்கும் ஆறவில்லை.

உங்கள் மகள்தான் படித்தாள். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் அத்தியாயத்தை வரி வரியாகப் படித்த ஒரே ஆள் அவள். அதன்மேல் தன் ஆராய்ச்சி முழுவதையும் கட்டினாள். என் கணவர்தான் அவளுக்கு நெறியாளர். ஏதாவது கேட்டால், புத்தகத்தில் இருக்கிறது பார் என்று அனுப்பிவிடுவார்.

ஒருநாள் அவர் வெளியூர் போயிருந்தபோது அவள் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே இடத்தில் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மேடம், எட்டாம் அத்தியாயத்துல ஒரு எடம் எனக்கு இடிக்குது. தெளிவுன்னு போட்டிருக்கு, எனக்குத் தெளிவா இல்ல. எல்லையே இல்லாத எடத்துல இது எப்படி நிக்கும்?"

விரலைச் சரியாக அந்த வரியில் வைத்திருந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எழுந்து போய் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தேன்.

"சார் யோசிக்காம எழுதுவாராம்மா? அது சரிதான். நீ தைரியமா மேல போ."

தலையை ஆட்டினாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். நல்ல வளர்ப்பு.

என்ன சொன்னீர்கள்? அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றா? சொல்லியிருக்கலாம்தான். நானும் அதை நிதானமாக யோசித்தேன். சொன்னால் அவள் போய் அவரிடம் சொல்வாள். அவர் ஒரு துண்டுச்சீட்டில் ‘பிழைதிருத்தம்’ என்று அச்சடித்துப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு அடுத்த பொன்னாடைக்குப் போய்விடுவார். எனக்கு அது போதாது. கூட்டத்துக்கு நடுவில், அவர் மேடையில் உட்கார்ந்திருக்கும்போது அது உடைய வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் உங்கள் மகளின் வாய்மொழித் தேர்வு அதற்குப் பொருத்தமாக இருந்தது.

அன்றைக்கு நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள், பார்த்தேன். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எழுந்து போய்ப் பலகையில் சின்னதாக ஒரு படம் போட்டாரே, அது எல்லை இல்லாத ஓர் இடம். அங்கே அந்தத் தேற்றம் நிற்கவில்லை. அவள் கட்டியதெல்லாம் அந்த ஒரு படத்தில் சரிந்துவிட்டது. "புத்தகத்துல அப்படித்தான் சார் இருக்கு" என்றாள் அவள். என் கணவர் ஒரு நொடி முழித்தார். பிறகு எழுந்து, தான் எழுதியது எல்லைக்குட்பட்ட இடங்களுக்குத்தான் என்றும், மாணவி கவனமாகப் படிக்கவில்லை என்றும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் அவசரம் என்றும் சொன்னார். கூட்டம் சிரித்தது. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்கிப் பார்க்க ஒரு கைகூட வரவில்லை.

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் இன்னும் கொஞ்சம் பேசட்டும், வாயைக் கொடுத்து நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. தேர்வை நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் அவளைத் தேடிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனீர்கள். அவள் வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள். அழவில்லை. குரலும் உயரவில்லை.

"மேடம், நீங்க சரின்னு சொன்னீங்களே."

"நான் என்னம்மா கண்டேன்? நான் வெறும் தட்டச்சு பண்றவ."

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. மறுநாள் காலையில் நீங்கள் அவள் அறைக் கதவைத் தட்டியதும், அதற்கப்புறம் நடந்ததும் உங்களுக்குத் தெரியும்.

தேர்வாளர் திரும்பிப் போகிற வழியில் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்தச் சொல் அங்கே இல்லை. இப்போது ஊரே சொல்கிறது, தன் தப்பை மாணவி தலையில் கட்டினார் என்று. என் கணவர், ‘நான் அந்தச் சொல்லை எழுதியிருந்தேன், எழுதியிருந்தேன்’ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். யாரும் நம்பவில்லை. என்னிடம் வந்து, நீயாவது சொல்லு என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன்.

எழுந்திருக்காதீர்கள், முடித்துவிடுகிறேன். என்மேல் கையை ஓங்கினால் நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் மகளைக் கொன்றது அந்தப் பொய்யும், அதை அவர் அவள் தலையில் கட்டியதும். நான் உண்மை வெளியே வர வேண்டும் என்றுதான் இருந்தேன். அது கொஞ்சம் தாமதமாக வந்தது.

பதிப்பகம் பழைய பிரதிகளையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டது. திருத்திய பதிப்பைத் தயாரிக்க இந்த விஷயம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். இரண்டு பேர் எதற்கு என்று நானே சொல்லிவிட்டேன். முதல் பக்கத்தை உங்கள் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன், ‘இந்தப் புத்தகத்தை உண்மையாகப் படித்தவளுக்கு’ என்று. நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று. அவள் பெயருக்கு முன்னால் போட வேண்டிய முதலெழுத்து உங்களுடையதா, அவள் அப்பாவுடையதா? கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். பிழை வந்துவிடக் கூடாது.