பாஸ்டர் வர்ற வரைக்கும்

...அத்திப்பள்ளி தாண்டிட்டேன் சிஸ்டர்னு பாஸ்டர் சொல்லி எவ்ளோ நேரம் ஆவுது! அத்திப்பள்ளி தாண்டினா ஜூஜுவாடி, ஜூஜுவாடி தாண்டினா ஓசூரு. கைக்கொழந்தைய விட்டாகூட தவழ்ந்து வந்து சேந்துருக்கும். அப்பவே போன்ல பின்னாடி தட்டு சத்தம் கேக்குது, எவனோ “ரசம் இந்தப் பக்கம்”ங்கறான். அத்திப்பள்ளி நடு ரோட்டுல பந்தி போட்டிருக்காங்களா என்னா? பெங்களூர்ல கன்வென்சன் கூட்டத்து சாப்பாடு இன்னும் முடியல. சாப்பிடட்டும், சாப்பிடட்டும். ஊழியக்காரருக்கு வயிறு இல்லையா?

ஆண்டவரே, மொதல்லயே சொல்லிடறேன். நான் ஜெபம் பண்ணல. தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாடி சபையில இப்ப உங்களையும் என்னையும் விட்டா ஈ காக்கா கெடையாது. சபையப் பெருக்கறவ நான், அதான் சாவி எங்கிட்ட இருக்குது, தொறந்து உக்காந்துக்கினு இருக்கேன். வாய மூடிக்கினு இருக்க முடியல, அதான் பேசறேன். முறைப்படி ஜெபம் பண்றதுக்கு பாஸ்டர் வருவாரு. இந்த எண்ணெய்க்கு ஜெபம் பண்ணிக் குடுப்பாரு. நான் அத எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், ப்ரீதா நெத்தியில பூசணும். அதுவரைக்கும் நான் பேசறத நீங்க காதுல போட்டுக்காதீங்க.

ப்ரீதாதான், எம் பொண்ணு. உங்களுக்குத் தெரியாததா. இந்தத் தெரு முக்குலதான ஆஸ்பத்திரி, இந்த சன்னல்ல எட்டிப் பாத்தா போர்டு தெரியுது. மொதல் பிரசவம். கொழந்தைக்கு துடிப்பு எறங்குதுன்னு சொல்லி, அப்பிடியே தள்ளிக்கினு தியேட்டருக்குள்ள போயிட்டாங்க. நான் பின்னாடியே போனேன். அந்த நர்சம்மா கன்னடத்துல “சும்னிரி அம்மா, சும்னிரி”ங்குது. சும்மா இருக்கணுமாம்! உள்ள கெடக்கறது எம் பொண்ணு, நான் சும்மா இருக்கணுமாம். அவங்கப்பா லாரி எடுத்துக்கினு பூனா போயிருக்காரு. மாப்ள மேக்ஸ்வெல்லு செவுத்தப் பாத்துக்கினு நிக்கறாரு. நான் எண்ணெய் பாட்டில எடுத்துக்கினு இங்க வந்துட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குது இல்லீங்களா. நான் கம்பெனி கேண்டீன்ல வேல செய்யறவ, எனக்குத் தெரியாத முறையா? கேட்டுல ராஜசேகர்னு ஒரு செக்யூரிட்டி. அவனுக்கு தெனம் டீ ஊத்தறது யாரு? இந்த ஜெயமணிதான். ஆனா ஒரு நாளு கேட் பாஸ மறந்துட்டுப் போனேன்னு வைங்க, “யாரும்மா நீங்க? யாரப் பாக்கணும்? யார் பேர்ல பாஸு?”ம்பான். நேத்து வடைக்கு சட்னி பத்தலன்னு சண்ட போட்டவன்! இன்னைக்கு என்னைத் தெரியாது.

சரி, உள்ள போயிட்டோம். போனா? நேரா மேனேஜரப் பாத்துட முடியுமா? லீடருகிட்ட சொல்லணும். லீடரு சூப்பர்வைசருகிட்ட சொல்லணும். சூப்பர்வைசரு எச்.ஆருகிட்ட சொல்லணும். அதுக்குள்ள நமக்கே என்ன சொல்ல வந்தோம்னு மறந்துடும்.

ஒருவாட்டி நான் நேரா போனேன். கேண்டீன் தண்ணியில புழு நெளியுது. யாருகிட்ட சொன்னாலும் “பாக்கறேன் பாக்கறேன்”ங்கறான். என்னத்தப் பாக்கறது? புழுவயா? டம்ளர்ல மோந்துக்கினு நேரா பெரிய மேனேஜர் ரூமுக்குள்ள போயி டேபிள் மேல வெச்சேன். அவரு ஒண்ணும் கோவிச்சுக்கல. சிரிச்சுக்கினே “தேங்க்யூம்மா”ன்னாரு. எனக்கு ஒரே பெரும. மறுநாளு போறேன், என்னைப் பாத்திரம் கழுவற எடத்துக்கு மாத்தி வெச்சிருக்காங்க. தண்ணி அதே தண்ணி. புழு அதே புழு. நான் மட்டும் எடம் மாறிட்டேன். வாயுள்ள புள்ள பொழைக்கும்னு எவன் சொன்னானோ... வாயுள்ள புள்ள பாத்திரம் கழுவும்!

அன்னையிலேர்ந்து ஒரே முடிவு. பெரிய எடத்துக்கு நாம நேரா போவக் கூடாது.

அட, கம்பெனிதான் அப்பிடின்னா சபையில மட்டும் என்னவாம்? மேரிராணி சிஸ்டர எடுத்துக்கங்க. குத்தம் சொல்லல, நல்லவங்கதான். நல்லவங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. புதன்கெழம வீட்டு ஜெபத்துல அவங்க வாயத் தொறந்தா தமிழ் அருவியா கொட்டும். “வானாதி வானங்களுக்கும் மேலாய் வாசம் பண்ணுகிறவரே”ன்னு ஆரம்பிச்சு, உங்க பட்டத்தையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லி முடிக்கறதுக்குள்ள வீட்டுக்காரங்க வெச்ச காபி ஆடை கட்டிடும். நீங்களே “சரிம்மா, விசயத்துக்கு வா”ன்னு சொல்லியிருப்பீங்க. சொன்னீங்களா? சொல்ல மாட்டீங்க. அவங்கன்னா உங்களுக்கும் கொஞ்சம் பயம்தான்.

ஒரு புதன்கெழம என்னைப் பண்ணச் சொன்னாங்க. “ஜெயமணி சிஸ்டர், இன்னைக்கு நீங்க ஜெபிங்க.” நானும் கண்ண மூடிக்கினு, “ஆண்டவரே, எங்க தெரு போர் மோட்டாரு ரிப்பேருங்க, ஒரு வாரமா கொடத்தத் தூக்கி இடுப்பு உட்டுப் போச்சு, எதனா பண்ணுங்க”ன்னேன். மேரிராணி சிஸ்டர் கண்ணத் தொறந்து என்னை ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க... ஜெபத்துல கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு ஞாயித்துக்கெழம புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறதே அவங்கதான்! அப்ப நீ எப்பிடி பாத்தேன்னு கேக்காதீங்க.

முடிஞ்சதும் எல்லாரு முன்னாடியும் சொன்னாங்க. “சிஸ்டர், மகா ராஜாவோட சமுகத்துல நிக்கறோம். பஞ்சாயத்து ஆபீசுல மனு குடுக்கற மாதிரி பேசக் கூடாது.” சிரிச்சாங்க. எல்லாருந்தான் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், என்ன பண்றது. அன்னையிலேர்ந்து நான் ஆமென் மட்டும்தான். ஆமென் போடறதுல இந்த ஓசூர்ல என்னை அடிச்சுக்க ஆளில்ல. மறுநாளே மோட்டாரு சரியாச்சு, அது வேற விசயம். தன்னோட ஜெபத்தாலதான் சரியாச்சுன்னு மேரிராணி சிஸ்டர் ஞாயித்துக்கெழம மைக்குல சாட்சி சொன்னாங்க. நானும் ஆமென் போட்டேன். யாருக்காக மோட்டார ஓட்டுனீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால நம்ம வழி எப்பவும் பாஸ்டர் வழி. வீடு மாத்தினா பாஸ்டரு, வேல கெடைச்சா பாஸ்டரு. மாப்ள புது பைக்கு எடுத்தப்ப எண்ணெய் பூசி ஜெபிக்காம சாவியக் குடுக்க மாட்டேன்னுட்டேன். “அத்தை, எண்ணெய இஞ்சின்ல ஊத்துங்க, அதுக்காவது ஆவும்”னு கேலி பண்ணாரு. பண்ணட்டுமே. வண்டி இன்னைக்கு வரைக்கும்... இருங்க, போனு.

பாஸ்டருதான். சொல்லுங்க பாஸ்டர்... ஆங், சபையிலதான் இருக்கேன்... எங்க? சந்தாபுரமா?... சரிங்க... சரிங்க... நானேவா?... இல்லீங்க பாஸ்டர், நான் எப்பிடி... எனக்கு அந்த மாதிரியெல்லாம் பேச... அலோ? அலோ பாஸ்டர்?

வெச்சுட்டாரு. சார்ஜ் கம்மியாம்.

கேட்டீங்களா ஆண்டவரே இந்த அநியாயத்த? சந்தாபுரத்துல டிராபிக்காம்! சந்தாபுரம் அத்திப்பள்ளிக்கு முன்னாடியே வருது. அப்ப தாண்டினது எந்த அத்திப்பள்ளி? சாப்பாட்டுல வந்த அத்திப்பள்ளியா? அது போவட்டும். “சிஸ்டர், பயப்படாதீங்க, விசுவாசிக்கு நேரா போற உரிம இருக்குது, தைரியமா நீங்களே ஜெபிங்க”ங்கறாரு. ஆஹா! இத்தன வருசமா இந்த உரிமய எந்தப் பீரோவுல பூட்டி வெச்சிருந்தாரு? ரோட்டுல லாரி மறிச்சாதான் இந்த வெளிப்பாடு வருமா? ஒரு ஞாயித்துக்கெழமையாவது சொல்லியிருக்கலாமில்ல? சொல்லியிருப்பாரோ... நான்தான் ஆமென் போடற மும்முரத்துல கேக்கலியோ என்னமோ.

சரி. முக்காடு போட்டுக்கறேன். முட்டி போடறேன்... அம்மாடி, இந்த முட்டி வேற. சரி. இப்ப ஜெபம். இப்ப பேசறது கணக்கு, முன்னாடி பேசினது கணக்கு இல்ல.

வானாதி வானங்களுக்கும் மேலாய் வாசம் பண்ணுகிற... எங்கள் பரம... தேவரீர்... தேவரீர் தாமே... தாமே...

தாமே, அப்பறம் என்னா? மேரிராணி சிஸ்டருக்கு போனப் போட்டுக் கேக்கட்டுமா? ச்சீ.

தேவரீர்...

வார்த்த வரலன்னு நெனைக்காதீங்க. பேசறதுக்கு எனக்கா வார்த்த பஞ்சம்? உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு மூஞ்சி இல்ல, அதான். நீங்களும் பாத்துக்கினுதான இருந்தீங்க. விடியக்காலையிலயே ப்ரீதாவுக்குப் பனிக்கொடம் ஒடஞ்சுடுச்சு. மாப்ள ஓடிப் போயி ஆட்டோவக் கூட்டியாந்து வாசல்ல நிறுத்திட்டாரு. மறிச்சது யாரு? நான்தான். பாஸ்டர் பெங்களூர்லேர்ந்து வந்துடுவாரு, எண்ணெய் பூசி ஜெபிச்சுட்டுப் போலாம்னு கதவுல கைய வெச்சுக்கினு நின்னது நான்தான். “அம்மா, முடியலம்மா, போலாம்மா”ன்னு அழுவுறா. “விசுவாசமா இரு ப்ரீதா”ங்கறேன் நான். விசுவாசமாம் விசுவாசம்! உங்ககிட்ட நேரா வர பயந்துக்கினு ஒரு மனுசன் வரட்டும்னு புள்ளைய வலியில போட்டு வெச்சிருந்தேன். அதுக்கு நான் வெச்ச பேரு விசுவாசம். கடைசியில மாப்ள என் கையத் தள்ளிட்டு அவளத் தூக்கிக்கினு போனாரு.

டாக்டரம்மா கேட்டாங்க, “ஏம்மா இவ்ளோ லேட்டு?” “ஆட்டோ கெடைக்கலீங்க”ன்னேன். மாப்ள பக்கத்துலயே நின்னாரு. காட்டிக் குடுக்கல. அந்த மனுசன் என்னை நாலு வார்த்த திட்டியிருந்தாகூட ஆறியிருக்கும். செவுத்தப் பாத்துக்கினு நிக்கறாரு.

இப்ப சொல்லுங்க, நான் என்னான்னு வந்து கேக்கறது? எண்ணெய்க்காக வந்தேன்னு சொன்னனே, அதுவும் பொய்யி. அந்த வராண்டாவுல நிக்க முடியாமதான் ஓடியாந்தேன்.

யார் பேர்ல பாஸுன்னு கேப்பீங்க. கேக்கறது நாயந்தான். ஜெயமணி பேர்ல ஒண்ணும் இல்ல, ராஜசேகரே விடாத ஆளு நானு. ஆனா ஒண்ணு... ஒவ்வொரு ஜெபமும் முடிக்கறப்ப பாஸ்டர் “இயேசுவின் நாமத்தில்”னு சொல்றாரே, அது என்னமோ கடைசியில போடற முற்றுப்புள்ளின்னு நெனச்சுக்கினு நானும் ஆமென் போட்டுக்கினு கெடந்தேன். முதலாளி மகன் பேரச் சொல்லிக்கினு ஒருத்தன் வந்தா அந்த ராஜசேகர் என்ன பண்ணுவான் தெரியுமா? நாற்காலிய விட்டு எந்திரிச்சு கேட்ட முழுசா தொறப்பான். யாரு, எவருன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டான்.

நான் உங்க மகன் பேரச் சொல்லிக்கினு வந்திருக்கேன். வேற யாரு பேரும் இல்ல எங்கிட்ட.

ப்ரீதாவக் குடுத்துடுங்க. கொழந்தையையும் குடுத்துடுங்க. தப்பு பண்ணது நான். அதுக்கு என்னை எங்க வேணா மாத்துங்க, எவ்ளோ பாத்திரம் வேணாலும் கழுவறேன். அவங்கள விட்டுடுங்க... விட்டுடுங்கன்னு சொல்லல, விட்டுடாதீங்க. கையிலயே வெச்சுக்கங்க. மாப்ளகிட்டயும் டாக்டரம்மாகிட்டயும் நான் உண்மையச் சொல்லிடறேன். இயேசுவின் நாமத்துல கேக்கறேன்.

ஆமென்.

இவ்ளோதானா? மோட்டாருக்குக் கேட்டதுகூட இத விடப் பெருசு மாதிரி இருக்குது. ஒரு பட்டம் சொல்லல, ஒரு துதி சொல்லல. மேரிராணி சிஸ்டர் கேட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பாங்க. முன்னாடி பேசினத கணக்குல எடுத்துக்காதீங்கன்னு சொன்னனில்ல... அதையும் எடுத்துக்கங்க. எப்பிடியும் எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்திருப்பீங்க. நடுவுல ஒரு வார்த்த பேசாம இவ்ளோ நேரம் என் பேச்சக் கேட்டது எங்க வீட்டுக்காரருக்கப்பறம் நீங்க ஒருத்தர்தான். அவருக்காவது பாதி நேரம் தூக்கம்.

இந்த எண்ணெய்... நல்ல செக்கு எண்ணெய்தான். இருக்கட்டும். கொழந்தைக்கு ஒடம்பு உருவிக் குளிப்பாட்ட ஆவும்.

ஃபேன அமத்தறேன். கதவ சாத்தறேன். வாங்க, போலாம். படி ஒண்ணு ஒடஞ்சிருக்குது, பாத்து. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தன் உக்காந்திருக்கான், நம்ம ராஜசேகரோட கூடப் பொறந்தவன் மாதிரி. காலையில அவசரத்துல உள்ள விட்டுட்டான், இப்ப ஒரு நோயாளிக்கு ஒரே பாஸுதானாம், அது மாப்ளகிட்ட இருக்குது. தியேட்டருகிட்ட அவரையும் விட மாட்டாங்க. என்னை எப்பிடியும் ரோட்டுலயே நிறுத்திடுவான். நான் நின்னுக்கறேன். எனக்கு அது பழக்கந்தான்.

நீங்க எதுக்கு என்கூட நிக்கறீங்க? நேரா உள்ள போங்க.