தொட்டிக்கு அடியில தலை

...கத்தாதம்மா, கத்தாத! திருடி இல்ல, பக்கத்து வீடு. பேரு வாசிலிக்கி. சுவர் ஓட்டை வழியா தலைய மட்டும்தான் விட்டிருக்கேன், உடம்பு எங்க வீட்லதான் இருக்கு. நீ பாட்டுக்குக் குளி. திரைய இழுத்துக்க. ஆங்... அப்படித்தான்.

நேத்துதானே குடிவந்தே? வீட்ட வித்துட்டுப் போனாரே லாஸ்லோ, இந்த ஓட்டையப் பத்தி ஒண்ணும் சொல்லலையா? என்னது, கண்ணாடிய மாட்டி மறைச்சிருந்தாரா? அதான் நான் தள்ளினதும் என்னமோ படீர்னு விழுந்துச்சு! அடப்பாவி மனுஷா...

எல்லாம் எம் புருஷன் பனயோட்டி பண்ண வேலைம்மா. கூபர் பீடி ஊருக்குள்ள ஓப்பல் ரத்தினக் கல்லுக்குச் சுரங்கம் தோண்டக் கூடாது, சட்டம். ஆனா வெயிலுக்குப் பயந்து பாறையக் குடைஞ்சுதானே எல்லாரும் வீடு வச்சிருக்கோம், அதுல ரூம் தோண்டிக்கலாம்! நாங்க இருக்கறது ரெண்டே பேரு, பிள்ளைகுட்டி இல்ல. படுக்கற ரூம் ஏழு! கேட்டா, 'விருந்தாளி வந்தா?'ம்பாரு. இந்த வெயில்ல எவன்யா வருவான்?

ஏழாவது ரூம் தோண்டறப்பதான் சுவர்ல ஒரு எலும்பு. சும்மா எலும்பு இல்லம்மா... பச்சை, நீலம், செவப்புன்னு மின்னுது! நான் சிலுவை போட்டுக்கிட்டேன். அடிலெய்டுலேருந்து மியூசியத்து ஆள வரவழைச்சோம். அவரு சுவரத் தடவித் தடவிப் பார்த்துட்டு, 'அம்மா, நீங்க கடலுக்கு அடியில குடியிருக்கீங்க'ங்கறாரு. குழாய்ல தண்ணி சொட்டுச் சொட்டா வர்ற ஊரு, இவரு கடலுங்கறாரு!

பதினோரு கோடி வருஷத்துக்கு முந்தியாம். ஐஸ்கட்டி மிதந்த கடலாம், இங்க! சேறு அடியில படிஞ்சு, படிஞ்சு, இறுகிப் போனதுதான் நம்ம சுவராம். ஏடு ஏடா உரிஞ்சு சூப்புல விழுதே, அதான். பழைய சேத்தத்தான் இத்தனை நாளா குடிச்சிருக்கேன்! அதுல செத்து விழுந்த நீச்சல் மிருகத்து எலும்பாம் அது, கழுத்து மட்டும் ஒரு ரூம் நீளமாம். எலும்பு கரைஞ்ச எடத்துல ஓப்பல் போய் உக்காந்துக்கிச்சாம்.

'தலையோட கிடைச்சா உலகமே இங்க வரும்'னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. எம் புருஷனுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு. எலும்பு வளைஞ்ச பக்கமெல்லாம் ரூமும் வளைஞ்சுது. எட்டாவது ரூம்ல கட்டில நேரா போட முடியாது. கழுத்து, கழுத்துன்னு தோண்டிட்டே போனா... வாலும்மா! ஊசியா முடிஞ்சு போச்சு. அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பித் தோண்டினாரு.

ஒரு காலைல இந்தச் சுவர் பொத்துக்கிச்சு! உள்ள லாஸ்லோ, பாதி மூஞ்சி சோப்போட. சவரக் கத்திய நீட்டிக்கிட்டு, 'என் வீட்டுக்குள்ள வந்த தலை என்னுது!'ங்கறாரு. 'உடம்பு எங்களுது, தலை மட்டும் உனக்கா?'ன்னு இவரு. 'வாலப் பிடிச்சு இழுத்துக்கடா!'ன்னு அவரு. அன்னிலேருந்து லாஸ்லோ இங்கயே நாற்காலி போட்டுக் காவல். சாப்பாடு, தூக்கம் எல்லாம் இங்கதான். இவரு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ரெண்டு கிழங்களும் ஓட்டை வழியா மொறைச்சுக்கிட்டு... நான் நடுவுல நின்னு காப்பி கொடுக்கறேன், ரெண்டு பேருக்கும்! கடைசில லாஸ்லோவுக்கு முதுகு போச்சு. அக்கா வீட்டுக்குப் போய்ட்டாரு.

அதான் கண்ணு... நீ சின்னப் பொண்ணு, நல்லவளாத் தெரியறே. கழுத்து நேரா உன் குளியல் தொட்டிக்கு அடியில போகுது. தொட்டியக் கொஞ்சம் நகர்த்தினா... அரை நாள் வேலை. நீ வேணா எங்க வீட்ல குளியேன்! ரூமா இல்ல? என்ன சொல்றே?

கேக்குதா?... சோப்பு கண்ல போச்சா? தண்ணி மட்டும் ஓடுது... இரு, எட்டிப் பார்க்கறேன்... ம்ம்ம்... அட! ஆளக் காணோம்! அது கார் சத்தமா? துண்டோடவா கிளம்பிட்டா?

பனயோட்டி! யோவ் பனயோட்டி! அவ போயாச்சு, கடப்பாரைய எடுத்துட்டு வா! சீக்கிரம்யா, எட்டிப் பார்த்ததுல தோள் மாட்டிக்கிச்சு... ஐயோ, கால விடு! வெளிய இழுக்காதய்யா... உள்ள தள்ளு!