ஏழாம் நாள் உப்பு

பெயர் பாஞ்சாலை, வயது 52, காலஞ்சென்ற வீரன் மனைவி, கூலி வேலை, கீழ்ச்சேம்பாடி, அமிர்தி வழி. 25.5.1978 அன்று போலீஸார் விசாரித்தபோது சொன்னது.

நான் மலைமேல் மேல்கொல்லையில் பிறந்து கீழ்ச்சேம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் ஓடையின் கரையில் இரண்டு தாலுகாவுக்குமான எல்லைக்கல் இருக்கிறது. இந்தக் கோடையில் கீழூர் ஆடுகள் ஓடையில் வாய் வைக்கவில்லை, கத்தரிச் செடிகளும் கருகின. மேலே கொட்டகை போட்டு ஆட்டுத்தோலுக்கு உப்புப் போடும் சிங்காரம், தோலை ஓடையில் கழுவுவதால்தான் என்று கீழூரார் சொல்ல, மேலூரார் மறுத்தார்கள்.

அதன் பிறகு இரண்டு ஊராரும் எல்லைக்கல்லில் கூடி, நான் இரு ஊருக்கும் சொந்தம் என்பதால், தினமும் தண்ணீரை வாயில் வைத்து உப்பா, நல்ல தண்ணீரா என்று சொல்ல என்னை வைத்தார்கள். நான் உப்பில்லாத கஞ்சிதான் குடிக்க வேண்டும், யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது, வேறு யாரும் தண்ணீரைச் சுவைக்கவோ என்னிடம் பேச்சுக் கொடுக்கவோ கூடாது, ஏழு நாள் தொடர்ந்து நல்ல தண்ணீர் என்று நான் சொன்னால் தகராறு தீர்ந்தது என்பது ஊர்க்கட்டு. மேலூருக்குக் கோபால்சாமியும் கீழூருக்குத் துரைக்கண்ணுவும் மட்டும் காலையில் வந்து கேட்பார்கள்.

மே 11 வரை உப்பு இருந்தது, அப்படியே சொன்னேன். அதன் பிறகு சிங்காரம் ஓடைக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டிக் கழுவ ஆரம்பித்தார். 12 முதல் ஆறு நாள் நல்ல தண்ணீர் என்று சொன்னேன், அது நிஜம். 18 அன்று காலை துரைக்கண்ணு பீடி பற்றவைத்துக்கொண்டு, "இன்னிக்கும் நல்லா கீதுன்னு சொல்லிட்டீங்கன்னா, நாளையிலேர்ந்து நாங்க வர்ற வேலை இல்ல அண்ணி" என்றார். கோபால்சாமி, "இன்னாக்கா, எப்டி கீது?" என்று கேட்டார். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. நான் உப்பு என்றேன். அதன் பிறகு நான்கு நாளும் உப்பு என்றே சொன்னேன்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு: ஒன்பது வருடத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அவர்கள் வருவது நின்றுவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை, யாரும் தூண்டவில்லை.

சிங்காரம் திருட்டுத்தனமாக ஓடையிலேயே கழுவுகிறார் என்று 22 அன்று கீழூரார் மேலே போய்க் கொட்டகையைப் பிரித்து அவர் வலது கையை முறித்தார்கள். மேலூரார் அவரைக் கட்டிலில் வைத்து எல்லைக்கல் வழியாகத் தூக்கி வந்தபோது என்னைப் பார்த்து, "தண்ணி இன்னுமா உப்பா கீது?" என்று கேட்டார். இப்போது சொல்கிறேன், உப்பு இல்லை, அவர் மேல் தப்பும் இல்லை.

இன்று காலையும் ஓடைத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். கேட்க யாரும் வரவில்லை.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

பாஞ்சாலை, இடது பெருவிரல் ரேகை.