இரண்டு மடங்கு அறை

தீயணைப்பு வீரர் கோடரியை ஓங்கியபோது நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "கீல் பக்கமா வெட்டுங்க சார், இந்தப் பக்கம் பெயின்ட் இன்னும் காயல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கதவின் நடுவிலேயே போட்டார். பதினான்கு அடிக் கதவு. மூன்று வாரம் இழைத்தேன். என் தங்கை என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அவரு உள்ளதான் இருக்காரா? உயிரோட இருக்காரான்னு சொல்லுண்ணா!"

இருக்கிறார் என்றேன். காலையில்தான் பால் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, கேட்டீர்கள், சொல்கிறேன். நான் குறும்படம் எடுப்பவன். பேய்ப் படம் மட்டும். ஏழு நிமிடத்தில் ஒருவரைப் பயமுறுத்த வேண்டுமென்றால் பேய்க்கெல்லாம் நேரம் கிடையாது. சுவரின் ஈரக்கறை, கட்டிலுக்கடியில் இருட்டு, சரியாக மூடாத பீரோ, இவைதான் வேலை செய்ய வேண்டும். பார்ப்பவர் தன் சின்ன வயதுக்குத் தானே நடந்து போய்விடுவார்.

என் தங்கை கணவர் மட்டும் போகவில்லை. பல் டாக்டர். என் கடைசிப் படத்தை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தபோது கொட்டாவி விட்டார்.

"மச்சான், பேய் வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. என் நாற்காலியில உக்கார வெச்சா உங்க பேயே 'அம்மா'ன்னு கத்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. தொழில் ரீதியான சந்தேகம் மட்டும் வந்தது.

மறுநாள் அவருடைய அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயதில் மாப்பிள்ளை எதற்குப் பயப்படுவார் என்று கேட்டேன். அத்தைக்கு வாயெல்லாம் பல்.

"அவனா? பச்சை பல்பைப் பாத்தாலே கட்டில் நனைஞ்சிடும் தம்பி. மூணு வயசுல. பீரோக்குள்ள ஒருத்தன் இருக்கான்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். இல்லாட்டி ஒரு எடத்துல இருப்பானா?"

மகன் அப்போது படுத்த அறையை அத்தை வரைந்தே கொடுத்தார். நான் ஒன்றுதான் மாற்றினேன். எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிக் கட்டினேன். வளர்ந்த ஆள் அதற்குள் நின்றால் மூன்று வயது உயரம்தான். கட்டில், பீரோ, சீப்பு, செருப்பு, பால் டம்ளர் வரை. படத்துக்குக் குரல் வேண்டும் என்றதும் அத்தை பேசிக் கொடுத்தார்: "நான் வர்ற வரைக்கும் கட்டிலை விட்டு எறங்கக் கூடாது." பிறகு அக்கறையாகக் கேட்டார், "சரியா வந்துச்சா தம்பி? இன்னும் கொஞ்சம் மெரட்டட்டுமா?"

அரை மணி நேர வேலை, நடித்துக் கொடுங்கள் என்று மாப்பிள்ளையை அழைத்தேன். சிரித்துக்கொண்டேதான் வந்தார். "என்ன மச்சான், ராட்சசன் வீடா?" என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். கால் தரையைத் தொடவில்லை. பச்சை பல்பைப் போட்டேன். அத்தையின் குரலை ஓட விட்டேன்.

சிரிப்பு எப்போது நின்றது என்று என்னால் நிமிடக் கணக்கில் சொல்ல முடியும்.

முதல் நாள் "மச்சான்" என்று கூப்பிட்டார். இரண்டாம் நாள் "மாமா" என்றார். மூன்றாம் நாள், ஒண்ணுக்குப் போகலாமா என்று பீரோவிடம் அனுமதி கேட்டார். அவர் தூங்கும்போது நான் வைத்துவிட்டு வந்த பாலை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நான்காம் நாள் என் தங்கை உங்களை அழைத்து வந்துவிட்டாள்.

அடைத்து வைத்தேன் என்று எழுதுகிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். கதவைப் பூட்டவே இல்லை. தாழ்ப்பாளே கிடையாது. தள்ளினால் திறக்கும். உள்ளேயிருந்தவரும் தள்ளவில்லை, வெளியிலிருந்து வந்தவர்களும் தள்ளவில்லை. கோடரியோடு வந்தவரிடம் நான் என்ன சொல்ல?

உடைந்த கதவு வழியாக என் தங்கை ஓடினாள். அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவளை அடையாளமும் தெரியவில்லை. "அம்மா வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, "எதுக்குண்ணா?" என்றாள்.

படத்துக்காக என்றேன். அது உண்மைதான். அப்படியொரு பயத்தை எந்த நடிகரும் தர முடியாது. சுவரில் சட்டைப் பொத்தான் அளவு துளைக்குப் பின்னால் நான்கு நாளும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு காட்சிகூடத் தவறவில்லை.

பதிவானதை எல்லாம் ஒப்படைக்கச் சொல்கிறீர்கள். அதில்தான் ஒரு சின்னச் சிக்கல், ஐயா. கேமராவைப் போன மாதமே விற்றுவிட்டேன். அவ்வளவு பெரிய கட்டிலுக்கு மரம் வாங்க வேண்டியிருந்தது.