மத்தியான சீரியல் பார்த்தவர்கள் இரண்டு பேர்

சீதாலக்ஷ்மி, வயது 46, கணவர் பெயர் அனந்தநாராயணன், மட்டாஞ்சேரியில் கோவிலுக்குப் பின்தெருவில் குடியிருப்பவர், 1989-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 19-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் போலீஸ் ஸ்டேஷனில் தானாகவே ஆஜராகி, இன்ஸ்பெக்டர் கேட்டதற்குச் சொன்னது. சாட்சி பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். மலையாளம் பேசுவார், எழுதப் படிக்க வராது. ஆகவே தமிழில் சொல்லி, தமிழ் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் வீரபாண்டி எழுதிக்கொண்டது.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்து வருகிறேன். குழந்தைகள் இல்லை. என் கணவர் மிளகு மண்டி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருட ஆரம்பம் முதல் நான் பம்பாய்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்து வருகிறேன். மத்தியானத்தில் டெல்லியிலிருந்து வரும் ஹிந்தி சீரியலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று வாராவாரம் எண்ணிக் கொடுப்பது என் வேலை. சோப்பும் பற்பொடியும் விற்கிறவர்களுக்கு அந்த எண்ணிக்கை வேண்டுமாம். எதற்கு வேண்டும் என்று நான் கேட்டதில்லை. எனக்கு ஐந்து வீடு, ஒரு நாளைக்கு ஒரு வீடு. புதன்கிழமை சங்கரலிங்கம் வீடு.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்குள் போய் எண்ணக்கூடாது. நம்மைக் கண்டால் அடுக்களையில் இருக்கிறவளும் ஓடி வந்து டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "என்னையும் சேத்துக்கோங்கோ மாமி" என்பாள். ஆகவே சீரியல் ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று, அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கதவைத் தட்ட வேண்டும். ஒரு தடவை குறித்ததை அடித்துத் திருத்தக்கூடாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

சங்கரலிங்கம் என்பவர் எழுபது தாண்டிய பெரியவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பம்பாய் துறைமுகத்தில் ரொம்ப காலம் வேலை பார்த்து, அந்தப் பணத்தில் மட்டாஞ்சேரி அரிசி கோடவுனுக்குப் பின்னால் இரண்டு அறையுள்ள ஓட்டு வீடு வாங்கினவர். மகள் வீரலட்சுமி அவருடன் இருக்கிறாள். கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். காலையில் சுக்கு தரம் பிரிக்கும் வேலைக்குப் போய், மதியத்துக்குள் திரும்பி அப்பாவுக்குச் சோறு போடுவாள். அவளுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. மகன் சங்கிலிப்பாண்டி பள்ளுருத்தியில் தனிக் குடித்தனம். பஜாரில் சுமைக்கு ஆள் விடும் காண்ட்ராக்டர். அப்பா வீட்டுப் பக்கம் அவனை நான் பார்த்ததே அபூர்வம்.

பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றால் காத தூரம் ஓடுவார். ஆனால் ஹிந்தி நன்றாகத் தெரியும். வீரலட்சுமிக்கோ ஹிந்தியில் ஒரு எழுத்து தெரியாது. ஆகவே மத்தியானத்தில் அந்த வீட்டில் சீரியல் நடக்கும் விதமே வேறு. பெரியவர் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காது டிவிக்கு நேராக வரும்படி உட்கார்ந்துகொள்வார். முகம் சுவரைப் பார்த்திருக்கும். இடது காது சுத்தமாகக் கேட்காது. "நீலப் புடவைக்காரி வாராப்பா, அளுதுக்கிட்டே வாரா" என்று மகள் சொல்வாள். "மாமியாக்காரி விரட்டிப்புட்டாளாம்ளா, நகையெல்லாம் களட்டிக்கிட்டாளாம்" என்று அப்பா சொல்வார். அவள் கண், அவர் காது. அந்த மாமியார் பாத்திரம் வந்துவிட்டால் பெரியவர் வாயில் வரும் வசவைக் கேட்க அக்கம்பக்கத்துப் பெண்களே வந்து உட்காருவார்கள். நானும் வேலை முடிந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கண் தெரியாதவரைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்கலாமா என்று ஆரம்பத்திலேயே கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அறைக்குள் இருந்தால் ஒரு ஆள், அதற்கு மேல் ஆராய வேண்டாம் என்று பதில் வந்தது.

சம்பவ தினமான 16-ஆம் தேதி புதன்கிழமை என் கணவருக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறிவிட்டு, நானும் சாப்பிட்டு, அவர் படுத்த பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்போது மணி இரண்டே கால். சங்கரலிங்கம் வீட்டு ஜன்னலருகே நின்றேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிடச் சத்தம் அதிகமாக இருந்தது. உள்ளே பெரியவர் நாற்காலியிலும், சங்கிலிப்பாண்டி பக்கத்தில் ஸ்டூலிலும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் என்று குறித்துக்கொண்டேன். அதன் பிறகு கதவைத் தட்டினேன்.

சங்கிலிப்பாண்டி கதவைத் திறந்து, "வாங்க மாமி, ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான். வீரலட்சுமி எங்கே என்று கேட்டேன். சொந்தக்காரர் ஒருவரை எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், காலையிலேயே அவளைப் போட்டில் ஏற்றி அனுப்பியதாகவும் சொன்னான். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது, ஆகவே இன்றைக்கு வர வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டதாகச் சொன்னான். அதன் பிறகு மடித்த ஒரு காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கீழ்ப்பக்கம் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு, "அப்பா வெரல் வச்சிட்டாரு மாமி. நீங்க கண்டதா ஒரு ஒப்பு போட்டுத் தந்தா மதி, அது போதும்" என்று பேனாவை நீட்டினான். என்ன காகிதம் என்று கேட்டதற்கு, வீட்டுக் காரியம், ஒன்றுமில்லை என்றான்.

நான் பேனாவை வாங்கவில்லை. எனக்கு அப்போது பெரியவரின் நாற்காலி கண்ணில் பட்டது. டிவிக்கு நேர் எதிராகப் போட்டிருந்தது. பெரியவர் முகம் டிவியைப் பார்த்திருந்தது. கண் திறந்திருந்தது. இத்தனை மாதத்தில் அவர் ஒரு நாள்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. அவர் டிவி பார்ப்பதை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்க்கிறேன். என்னடா இது கூத்து என்று நினைத்தேனே தவிர, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தச் சமயம் சீரியலில் அந்த மாமியார் பாத்திரம் வந்து மருமகளின் பெட்டியைத் தெருவில் எறிந்தாள். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. தொண்டை கட்டினாலும் கையையாவது ஓங்குகிற மனிதர் அவர். நான் பக்கத்தில் போய், அவருடைய வலது காதருகே குனிந்து, "பெரியவரே, என்னாக்கும் சொல்றா அந்தப் பாவி?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஈ ஒன்று அவருடைய கீழ் உதட்டில் உட்கார்ந்திருந்தது, அவர் அதை விரட்டவில்லை. நான் விரட்டினேன். விரட்டும்போது என் விரல் அவர் தாடையில் பட்டது. சில்லென்று இருந்தது. கையைப் பிடித்தேன், விரல் மடங்கவில்லை, மரக்கட்டைபோல விறைத்திருந்தது. இடது கட்டை விரலில் நீல மை இருந்தது.

ஐயோ பகவானே என்று நான் போட்ட சத்தம் கோடவுன் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பிணத்துக்கு முன்னால் டிவியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஒருத்தன் உட்கார்ந்திருப்பானா? பெற்ற அப்பனையா? நான் கேட்டேன், வாய்விட்டே கேட்டேன். சங்கிலிப்பாண்டி அழவும் இல்லை, பதறவும் இல்லை. "இப்பத்தான் மாமி போயிருக்காரு. நீங்க வாரப்ப சீரியல் பாத்துக்கிட்டுதானே இருந்தாரு? நீங்களே ரெண்டு பேருன்னு எளுதிருக்கீங்கல்ல?" என்றான். நான் ஜன்னலருகே நின்று குறித்ததை அவன் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு கோடவுன் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் போலீசுக்குச் சொல்லியனுப்பினார். போலீஸ் வந்து அந்தக் காகிதத்தை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தது.

மேற்படி சங்கிலிப்பாண்டி, தன் தகப்பனார் இரண்டு மணிக்கு நல்ல நினைவோடு உயிலில் விரல் வைத்தார் என்றும், அதன் பிறகு சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது உயிர் போனது என்றும், கம்பெனிக் கணக்கே அதற்குச் சாட்சி என்றும் சொல்வதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். உயிலில் வீடு முழுவதும் மகனுக்கு, மகளுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அதற்கு நான் சொல்வதாவது. என் கம்பெனி ஆள் அறையில் உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான் கேட்கிறது, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதில்லை. நான் குறித்தது இரண்டு உடம்பு. அதில் ஒன்றில் உயிர் இல்லை. விறைத்துப்போன கையைப் பிடித்துப் பார்த்தவள் நான். இரண்டு மணிக்கு விரல் வைத்த கை அந்நேரத்துக்குள் அப்படி விறைக்காது. என் மாமியார் இறந்தபோது குளிப்பாட்டினவள் நான், எனக்கு அது தெரியும். அவர் எப்படி இறந்தார் என்பது எனக்குத் தெரியாது, அதை டாக்டர் சொல்லட்டும்.

அன்று சாயங்காலம் வீரலட்சுமி எர்ணாகுளத்திலிருந்து போட்டில் திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு சொந்தக்காரர் இல்லவே இல்லையாம். வார்டு வார்டாகத் தேடியிருக்கிறாள். நோயாளிக்கு என்று வாங்கிய ரொட்டியும் ஆரஞ்சும் கையில் அப்படியே இருந்தன. போலீஸ் சொன்னதன் பேரில் அதுவரை யாரும் பெரியவரைத் தொடவில்லை. வாசலில் கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவள், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், "அப்பாவ யாரு டிவிப் பொட்டிக்கு நேரா உக்கார வச்சது? அவுகளுக்குக் காது கேக்காதே" என்றாள். அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் அவள் என்ன செய்தாள் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, கேட்க வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்து கொடுத்த பிறகு, தகனம் முடிந்ததும் சங்கிலிப்பாண்டி வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீரலட்சுமி கட்டின சேலையோடு தெருவில் நின்றாள். நான் அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் கணவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இரண்டு நாளாக அவள் இருக்கும் கூடத்துக்கே வரவில்லை. ஆசாரம் பார்க்கிறார் என்று நினைத்து நான் அவரோடு சண்டை போட்டேன். "எழவு வீட்டுப் பொண்ணு பட்டினி கிடக்கறச்சே என்ன மடி, என்ன ஆசாரம்?" என்று கேட்டேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்று காலையில் நான் இங்கே கிளம்பும்போது மட்டும், "போலீஸ் ஸ்டேஷன் படியெல்லாம் நாம ஏறப்படாது, கேட்டியோ. போகாதே சீதா" என்று வாசல் வரைக்கும் வந்தார். நான் வந்துவிட்டேன்.

இப்போது மேற்படி காகிதம் எனக்குக் காட்டப்பட்டது. இதை முழுதாக நான் பார்ப்பது இதுவே முதல் தடவை. மலையாளத்தில் எழுதியிருப்பதை வீரபாண்டி எனக்குப் படித்துச் சொன்னார். புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, சங்கரலிங்கம் தன் வீட்டில், சாட்சிகள் நேரில் பார்க்க இடது பெருவிரல் வைத்ததாக எழுதியிருக்கிறது. இரண்டாவது சாட்சி ஒப்பு வைக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. முதல் சாட்சியின் இடத்தில் இங்கிலீஷில் ஒரு கையெழுத்து இருக்கிறது.

(சாட்சி தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு பேசலாமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, வேண்டாம், நிறுத்தினால் பிறகு என்னால் சொல்ல முடியாது, எழுதுங்கள் என்றார்.)

அந்தக் கையெழுத்து என் கணவர் அனந்தநாராயணனுடையது. கடைசி எழுத்துக்குக் கீழே இழுத்துப் போடும் கோடு முதற்கொண்டு எனக்குத் தெரியும். அவருக்கு இதில் ஆதாயம் ஒன்றும் இருக்காது. பஜாரில் எவன் எந்தக் காகிதத்தைக் கொண்டு வந்து, "சாமி, சாட்சிக்கு ஒரு ஒப்பு" என்றாலும் போட்டுக் கொடுப்பார். படித்தவர், பெரிய மனிதர் என்று கேட்கிறார்கள், இல்லை என்றால் மரியாதைக் குறைவு என்பார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்கிலிப்பாண்டி ஒரு தார் நேந்திரம் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டேன். கூடத்தில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை இரண்டு மணிக்கு என் கணவர் சங்கரலிங்கம் வீட்டில் இல்லை. என் வீட்டில், எனக்கு முன்னால், இலையில் உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாங்காய் கேட்டார், போட்டேன். நான் குடை எடுக்கும்போது படுத்துக் கண்ணை மூடியிருந்தார். பெரியவர் விரல் வைத்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று அவர் போட்ட கையெழுத்து பொய். இது அவருக்கு என்ன தண்டனையைக் கொண்டு வரும் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அது கோர்ட்டு தீர்மானிக்கும் என்றார். சரி என்று சொன்னேன். வீரலட்சுமி என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறாள், அவள் சாப்பிட்டாளா என்று இப்போது போய்ப் பார்க்க வேண்டும்.

மேலே கண்டதெல்லாம் நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது. வீரபாண்டி படித்துக் காட்ட, முழுவதும் கேட்டேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. என் கணவர் பெயர் வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதுவும் சரியாகவே இருக்கிறது, அடிக்க வேண்டாம்.

(ஒப்பம்) சீதாலக்ஷ்மி அனந்தநாராயணன்