அறுபத்தெட்டு டிகிரி

— மூச்சு விடாதீங்க அண்ணி, கல்லு பறந்துடும்.

— மூச்சு விடாம நான் எப்படிடி ஒட்டுறது? கொஞ்சம் இரு... ஆச்சு. ரெண்டு முனையும் பிடிச்சுக்கிச்சு. லென்ஸ்ல பாரு, தூண் மாதிரி நிக்குது.

— வெறும் கண்ணுக்கு மிளகாய் விதை. இதுக்கு ரெண்டு பேரு காவல். எங்க அண்ணனை ஒரு நாளாவது இப்படிப் பார்த்துக்கிட்டீங்களா?

— உங்க அண்ணன் எவ்வளவு சூடு போட்டாலும் மாற மாட்டார். இந்த வனேடியம் ஆக்ஸைடு அறுபத்தெட்டு டிகிரியில மாறிடும். கரண்ட் விடாத கல்லு, கரண்ட் விடும்.

— மாறி என்ன பண்ண? ஒவ்வொரு தடவையும் உடைஞ்சுல்ல போகுது!

— சூட்டுல மாறும்போது உடம்பு சுருங்குது, ஆறும்போது நீளுதுடி. நாம ரெண்டு பக்கமும் ஒட்டி வெச்சிருக்கோம். திமிறுது, விரிசல் விடுது. அதனாலதான் இந்தத் தடவை படிகத்தை இன்னும் பெருசா வளர்த்திருக்கேன். பெருசு தாங்கும்.

— தாங்கணும் சாமி. இதுவும் போச்சுன்னா உங்க வேலையை மூடிடுவேன்னு சார் சொல்லிட்டாரே.

— வாயைக் கழுவு. என் கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச வேலை இது. ஹீட்டரைப் போடு.

— போட்டாச்சு. அறுபது... அறுபத்தஞ்சு... அண்ணி, என் கையை விடுங்க, வலிக்குது.

— மீட்டரைப் பாருடி!

— பாயுது! கரண்ட் பாயுது!

— குதிக்காதே, மேசை ஆடுது. ஆறட்டும். ஆறும்போதுதான் "டிக்"னு உடையுற சத்தம் வரும்.

— வரலையே.

— கொஞ்சம் இரு... இன்னொரு தடவை சூடாக்கு.

— என்னம்மா, கதவுக்கு வெளிய கேக்குது உங்க கும்மாளம்?

— சார்! வாங்க சார்! உடையல சார்! சத்தியமா உடையல!

— நீ சொல்லாதே, மீட்டர் சொல்லட்டும். ம்ம்... ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. ஒரு கீறல்கூட இல்லையே! எப்படிம்மா?

— பெருசா வளர்த்தேன் சார். அவ்வளவுதான்.

— சரிதான். வேலை நடக்கட்டும். அடுத்தது இதைவிடப் பெருசா வளர்த்துக் காட்டு. சாயங்காலம் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்.

— ஐயோ அண்ணி! சார் சிரிச்சார், பார்த்தீங்களா? பல்லு தெரிஞ்சுது!

— அழ வைக்காதே. மேசையை ஒதுக்கு, டீ குடிக்கப் போவோம்.

— ஒதுக்கறேன்... அண்ணி.

— என்ன?

— நீங்க வளர்த்த பெரிய கல்லு டப்பாவுக்குள்ளயே இருக்கு. பஞ்சைக்கூடப் பிரிக்கல.

— விளையாடாதே. அப்போ நீ எனக்கு எதை எடுத்துக் குடுத்தே?

— ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்துச்சு அண்ணி... நேத்து உடைஞ்சதோட தூள் டப்பாலேர்ந்து ஒரு துண்டு.

— தூளா? லென்ஸ்ல தூண் மாதிரி தெரிஞ்சது தூளா?

— மெதுவா பேசுங்க. சார் இன்னும் படி இறங்கல. யாருக்குத் தெரியப்போகுது? சாயங்காலம் எழுதிக் குடுத்துடுவார்.

— கொஞ்சம் இரு. பெருசெல்லாம் உடைஞ்சுது... துண்டு உடையல... அடியே, சின்னதுக்குள்ள திமிறறதுக்கு அவ்வளவு பலம் இல்லடி! நான்தான் பெருசு பெருசா வளர்த்துக் கெடுத்திருக்கேன். ஓடிப்போய் சாரைக் கூப்பிடு.

— எல்லாத்தையும் சொல்லிடப் போறீங்களா?

— சொல்லாம? அந்தப் பெரிய கல்லையும் எடுத்து வெச்சுட்டுப் போ. அவர் கண்ணு முன்னாடியே சூடாக்கி உடைக்கணும்.